மூன்று முறை நிறுவினீர்கள், மூன்றும் வெற்றி

கேள்வி: வணக்கம் சார். பழைய புத்தகங்களின் ஸ்கேன் பிடிஎஃப்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குள் தமிழில் தேட முடிந்தால் நன்றாக இருக்குமே என்று ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற டெர்மினல் கருவியை உபுண்டு 24.04-இல் நிறுவப் பார்த்தேன். பைத்தான் நிரல்களை நிறுவும் பிப்பில் இன்ஸ்டால் கொடுத்ததும் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று எரர். "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்பதைச் சேர்த்துப் போடு, போய்விடும் என்றார்கள். போட்டேன், "சக்ஸஸ்ஃபுலி இன்ஸ்டால்டு" என்று வந்தது. ஆனால் கருவியைக் கூப்பிட்டால் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்". அதையே சூடோவோடு (நிர்வாகி அதிகாரத்தோடு) மறுபடி போட்டேன். இப்போது ஓடியது, ஆனால் டெசராக்ட் இல்லை என்றது. அதை உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வழியாகப் போட்டதும் தமிழ் மொழி இல்லை என்றது. தமிழ் மொழிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி ஒரு ஃபோல்டரில் வைத்து, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் .பாஷ்ஆர்சி கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். போதாததற்கு ஓசிஆர்மைபிடிஎஃப்பையே ஆப்டிலும் ஒருமுறை நிறுவிவிட்டேன். இப்போது நிலைமை என்னவென்றால், சூடோவோடு ஓட்டினால் தமிழ் இல்லை என்கிறது, சூடோ இல்லாமல் ஓட்டினால் ஆங்கிலம்கூட இல்லை என்கிறது. உபுண்டுவையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாமா என்று யோசிக்கிறேன். வேறு வழி உண்டா?

பதில்: உபுண்டுவை அழிக்க வேண்டாம். இன்னொரு தடவை எதையும் நிறுவவும் வேண்டாம், கொஞ்ச நேரத்துக்காவது. நீங்கள் நிறுவல் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள், ஒன்றுகூடத் தோற்கவில்லை. ஒரே கருவி உங்கள் கணினியில் மூன்று இடங்களில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் பெயரைத் தட்டும்போது அந்த மூன்றில் எது ஓடுகிறது என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே பெயரில் மூன்று மாணவர்கள் இருக்கும் வகுப்பில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் முன் பெஞ்சில் இருப்பவன்தானே எழுந்து நிற்பான், அதுதான் இங்கேயும் நடக்கிறது.

கீழே கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரே ஒரு கட்டளை. டைப், ஒரு இடைவெளி, -ஏ, மறுபடி இடைவெளி, ஓசிஆர்மைபிடிஎஃப். இது எதையும் மாற்றாது, அந்தப் பெயரில் எத்தனை பேர் எங்கெங்கே இருக்கிறார்கள், எந்த வரிசையில் கூப்பிடப்படுவார்கள் என்று மட்டும் சொல்லும். உங்களிடம் நான்கு வரிகள் வரும் என்று நினைக்கிறேன். முதல் வரியில் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் .லோக்கல்/பின், இரண்டாவதில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், மூன்றாவதில் /யூஎஸ்ஆர்/பின், நான்காவதில் வெறும் /பின். நான்காவதைப் பார்த்து இன்னொன்றும் இருக்கிறதா என்று திடுக்கிட வேண்டாம், இன்றைய உபுண்டுவில் /பின் என்பது /யூஎஸ்ஆர்/பின்னுக்கான மறுபெயர்தான்.

இந்த மூன்றும் எப்படி வந்தன என்று பார்த்தால் உங்கள் எரர்கள் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

அந்த முதல் எரரிலிருந்து தொடங்குவோம். "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று வந்தது உண்மையில் கோளாறு இல்லை, தடுப்பு. உபுண்டுவில் சிஸ்டத்தோடு வரும் பைத்தானை நிர்வகிப்பது ஆப்ட். பிப் அதே பைத்தானுக்குள் தன் இஷ்டத்துக்குப் பொருள்களைக் கொண்டுவந்து போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும், ஏனென்றால் உபுண்டுவின் சொந்த வேலைகளில் பல அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன. ஃபயர்வாலைக் கையாளும் யூஎஃப்டபிள்யூ பைத்தானில் எழுதியது, புதிய ரெப்பாசிட்டரி சேர்க்கும் கட்டளையும் அப்படித்தான். அதனால் பைத்தான் சமூகம் பெப் 668 என்று ஒரு விதிமுறை வகுத்தது. 2023-இல் வந்த பிப் 23.0 அதை மதிக்கத் தொடங்கியது, அதே ஆண்டில் உபுண்டு 23.04-உம் டெபியன் 12-உம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் வரை பிப் எதையும் கேட்காமல் நிறுவிவிடும். பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வது இதனால்தான்.

அந்த எரர் செய்தியை முழுக்கப் படித்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். நீளமான செய்திதான், சிவப்பாக வேறு வரும், யாருக்கும் முதல் வரிக்கு மேல் படிக்கத் தோன்றாது. ஆனால் அதற்குள் ஆப்டைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் தனிச் சூழல் உருவாக்கு, தனிக் கருவி என்றால் பிப்எக்ஸ் நல்லது என்று மூன்று வழிகளையும் அதுவே சொல்கிறது. கடைசியில்தான், உன் பைத்தானோ சிஸ்டமோ உடைந்தாலும் பரவாயில்லை என்றால் இதைப் போட்டுக்கொள் என்று "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" பற்றிச் சொல்கிறது. பெயரிலேயே "உடை" என்று வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் எப்படி எச்சரிப்பது? இந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து "இதைப் போடு, சரியாகிவிடும்" என்று பரப்புகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சரி, அதை விடுங்கள்.

நீங்கள் அதைச் சூடோ இல்லாமல் போட்டீர்கள். சிஸ்டம் ஃபோல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி இல்லாததால் பிப் தானாகவே உங்கள் ஹோம் ஃபோல்டருக்குத் திரும்பி, .லோக்கல் என்ற மறைந்த ஃபோல்டருக்குள் நிறுவியது. கருவியைக் கூப்பிடும் சின்ன ஸ்கிரிப்ட் .லோக்கல்/பின்னில் போய் உட்கார்ந்தது. முதல் நிறுவல், வெற்றி.

அப்புறம் ஏன் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"? டெர்மினலில் ஒரு பெயரைத் தட்டினால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் கணினி முழுக்கத் தேடாது. பாத் என்ற பட்டியலில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களில் மட்டும், அந்த வரிசையில் தேடும், முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும். உபுண்டுவில் .லோக்கல்/பின் அந்தப் பட்டியலில் சேர்வது நீங்கள் லாகின் செய்யும் நேரத்தில். அதுவும் அந்த ஃபோல்டர் அப்போது இருந்தால்தான் சேரும், .புரொஃபைல் கோப்பைத் திறந்து பார்த்தால் அப்படியொரு நிபந்தனை எழுதியிருப்பதைப் பார்க்கலாம். உங்கள் விஷயத்தில் அந்த ஃபோல்டரே பிப் ஓடிய அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்திருந்தால் கட்டளை ஓடியிருக்கும்! "சக்ஸஸ்ஃபுலி இன்ஸ்டால்டு" என்ற வரிக்குச் சற்று மேலே, ஸ்கிரிப்ட் இன்ன ஃபோல்டரில் இருக்கிறது, அது பாத்தில் இல்லை என்று மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கையும் வந்திருக்கும். வெற்றி என்று படித்த பிறகு யார் மேலே போய்ப் பார்க்கப் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாட் ஃபவுண்ட்" என்று சொன்ன அதே வரியிலேயே உபுண்டு வழக்கமாக ஒரு துப்புக் கொடுக்கும், இது இங்கே இல்லை ஆனால் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப் என்று போட்டால் கிடைக்கும் என்று. (அந்தத் துப்பைக் கொடுக்கும் நிரலே பைத்தானில்தான் ஓடுகிறது, சிஸ்டம் பைத்தானை உடைத்தவர்களுக்கு முதலில் போவதில் அதுவும் ஒன்று.)

அந்த இடத்தில் நீங்கள் சூடோ பக்கம் போனீர்கள். எல்லோரும் செய்வதுதான், ஒன்று ஓடவில்லை என்றால் அதிகாரத்தோடு சொல்லிப் பார்ப்பது. ஆனால் சூடோ தீர்ப்பது அனுமதிப் பிரச்சினையை மட்டும். உங்களுடையது முகவரிப் பிரச்சினை. சூடோவோடு ஓடிய பிப் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்காக /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் இரண்டாவது பிரதியை நிறுவியது. அந்த ஃபோல்டர் எப்போதும் பாத்தில் இருக்கும் என்பதால் கட்டளை ஓடியது. சூடோதான் தீர்த்தது என்று தோன்றும், தோன்றத்தான் செய்யும். பிறகு ஆப்டில் போட்டது /யூஎஸ்ஆர்/பின்னுக்குப் போனது, அது மூன்றாவது.

இப்போது டெசராக்டுக்கு வருவோம், உங்கள் குழப்பத்தில் பாதி இங்கேதான். ஓசிஆர்மைபிடிஎஃப் தானாக ஓர் எழுத்தைக்கூடப் படிக்காது. பக்கத்தைப் படமாக்கி டெசராக்டிடம் கொடுக்கும், அது படித்துச் சொல்வதை வாங்கி பிடிஎஃப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அடுக்காக வைக்கும், அவ்வளவுதான். டெசராக்ட் முற்றிலும் வேறு நிரல், 1985-இலிருந்து எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் திறமூலமாக வெளியாகி, அதன்பின் கூகுள் வளர்த்தது. சி++ மொழியில் எழுதியது. பிப் பைத்தான் பொருள்களைத்தான் கொண்டுவரும். டெசராக்டையோ, பிடிஎஃப் பக்கங்களைப் படமாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்டையோ அது தொடாது, தொட அதற்குத் தெரியாது. ஆப்டில் நிறுவினால் கருவிக்கு என்னென்ன துணை வேண்டும் என்ற பட்டியலும் சேர்ந்தே வருவதால் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். எந்தக் கருவியானாலும் பிப்பிலோ என்பிஎம்மிலோ (ஜாவாஸ்கிரிப்டுக்கு பிப் மாதிரி) நிறுவி முடித்ததும் "இன்னது இல்லை" என்று அது வேறொரு நிரலின் பெயரைச் சொன்னால், திரும்ப அதே கருவியை நிறுவிப் பயனில்லை, அந்த வேறொரு நிரலைத்தான் தேட வேண்டும்.

இனி அந்த விசித்திரம். சூடோவோடு ஒரு எரர், சூடோ இல்லாமல் வேறு எரர்.

நீங்கள் .பாஷ்ஆர்சியில் சேர்த்த வரி டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ் என்ற மாறியாக இருக்க வேண்டும், வேறு எதுவும் இந்த அறிகுறிக்குப் பொருந்தவில்லை. அது டெசராக்டிடம் "மொழிக் கோப்புகளை இந்த ஃபோல்டரில் பார்" என்று சொல்கிறது. "இங்கேயும் பார்" என்று அல்ல, "இங்கே மட்டும் பார்" என்று. உங்கள் ஃபோல்டரில் நீங்கள் இறக்கிய தமிழ்க் கோப்பு ஒன்றுதான் இருக்கிறது. ஆங்கிலக் கோப்பு தன் பழைய இடத்தில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் அங்கே இப்போது யாரும் போய்ப் பார்ப்பதில்லை. மொழி மட்டும் அல்ல, எந்த வடிவத்தில் விடையை எழுதுவது என்று சொல்லும் சின்னச் சின்ன அமைப்புக் கோப்புகளும் அந்தப் பழைய இடத்தில்தான் இருக்கின்றன, எனவே ஆங்கிலக் கோப்பையும் நகலெடுத்துப் போட்டிருந்தால் அடுத்ததாக அவை இல்லை என்று வேறு எரர் வந்திருக்கும்.

சூடோ போட்டால்? சூடோ உங்கள் சூழல் மாறிகளைப் பெரும்பாலும் துடைத்துவிட்டுத்தான் கட்டளையை ஓட்டும், பாத்தைக்கூடத் தனக்கென்று வைத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்கும். ஆகவே நீங்கள் சேர்த்த வரி அங்கே செல்லாது. டெசராக்ட் தன் வழக்கமான இடத்தில் தேடுகிறது, அங்கே ஆங்கிலம் இருக்கிறது, தமிழ் இல்லை. அது மட்டுமல்ல, சூடோவில் ஓடியது /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருக்கும் இரண்டாவது பிரதி, சூடோ இல்லாமல் ஓடியது, நடுவில் எப்போதோ மறுபடி லாகின் செய்திருப்பீர்கள் என்பதால், உங்கள் ஹோமில் இருக்கும் முதல் பிரதி. இரண்டு எரர்களும் இரண்டு வெவ்வேறு நிறுவல்கள், இரண்டு வெவ்வேறு சூழல்களிலிருந்து சொன்னவை. இரண்டும் சொன்னது உண்மைதான்.

இறக்கிய அந்தத் தமிழ்க் கோப்பையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள், ஆர்வத்துக்காகவாவது. ஃபைல் என்று தட்டி அந்தக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். "எச்டிஎம்எல் டாக்குமென்ட்" என்று வந்தால் நீங்கள் இறக்கியது மொழிக் கோப்பே அல்ல, அது இருந்த வலைப்பக்கம். கிட்ஹப்பில் கோப்பின் பெயர்மேல் வலது கிளிக் செய்து "சேவ் லிங்க்" கொடுத்தால் இதுதான் நடக்கும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். டெசராக்டின் மொழிப் பட்டியலில்கூட அது தெரியும், ஏனென்றால் பட்டியல் கோப்புப் பெயரை மட்டும் பார்த்துத்தான் போடப்படுகிறது. ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

சரி, சுத்தம் செய்வோம். வரிசை முக்கியம்.

.பாஷ்ஆர்சியைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். எடுத்தபின் அதே டெர்மினலில் தொடர வேண்டாம், மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள், பழைய ஜன்னலில் அந்த மாறி இன்னும் உயிரோடு இருக்கும். புதிய ஜன்னலில் என்வ் என்று தட்டினால் எல்லா மாறிகளும் வரும், டெஸ்டேட்டா அதில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து பிப்பில் போட்ட இரண்டு பிரதிகள். சூடோ இல்லாமல் ஒருமுறை பிப் அன்இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப், சூடோவோடு ஒருமுறை அதே கட்டளை. இரண்டிலும் அந்த "--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்" தேவைப்படும், நீக்குவதற்கும் அதே தடுப்பு உண்டு. இங்கே அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, உள்ளே போட்டதை வெளியே எடுக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஒவ்வொன்றிலும் எதை எங்கிருந்து நீக்கப் போகிறேன் என்று காட்டிவிட்டு உறுதி கேட்கும், அந்த ஃபோல்டர் பெயரைப் படித்துவிட்டு ஒய் கொடுங்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. பிப் ஒரு கருவியை நீக்கும்போது அதற்காகக் கூடவே கொண்டுவந்த துணைப் பொருள்களை நீக்குவதில்லை. பைக்பிடிஎஃப், பில்லோ என்று ஒரு கூட்டமே .லோக்கல்/லிப்/பைத்தான்3.12 என்ற ஃபோல்டருக்குள் தங்கிவிடும். தங்கினால் என்ன? பைத்தான் ஒரு பொருளைத் தேடும்போது உங்கள் ஹோமில் இருப்பதைத்தான் முதலில் எடுக்கும், அடுத்து /யூஎஸ்ஆர்/லோக்கலில் இருப்பது, கடைசியில்தான் ஆப்ட் நிறுவியது. ஆகவே ஆப்டின் ஓசிஆர்மைபிடிஎஃப்பை நீங்கள் சரியாக /யூஎஸ்ஆர்/பின் என்று முழு முகவரி கொடுத்துக் கூப்பிட்டாலும், உள்ளே அது இழுத்துக்கொள்வது பிப் விட்டுச்சென்ற வேறு பதிப்புத் துணைகளை. இந்தக் கலவை சில சமயம் ஓடும், சில சமயம் நான்கு பக்க எரராகக் கொட்டும். இன்று ஓடி, அடுத்த அப்டேட்டில் கொட்டுவதும் உண்டு. "நான் ஒன்றுமே செய்யவில்லை, திடீரென்று நின்றுவிட்டது" என்று என்னிடம் வரும் பைத்தான் கருவிகளில் நான் முதலில் பார்க்கும் இடம் இந்த ஃபோல்டர்தான்.

பிப் ஃப்ரீஸ் --யூசர் என்று கொடுத்தால் உங்கள் ஹோமில் தங்கியிருப்பவை பட்டியலாக வரும். இந்தக் கருவியைத் தவிர வேறு எதையும் நீங்கள் பிப்பில் போட்டதில்லை என்றால் அந்த பைத்தான்3.12 ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள், பின்னால் "பழையது" என்று ஏதாவது சேர்த்து. அழிக்க வேண்டாம், பெயர் மாற்றினாலே பைத்தானுக்கு அது தெரியாது, எதாவது நின்றுபோனால் பெயரைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். சூடோவோடு போட்டவை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்/பைத்தான்3.12/டிஸ்ட்-பேக்கேஜஸ் என்ற இடத்தில் இருக்கும். அங்கேயும் இதே போல, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு. ஆப்டின் பொருள்கள் இருப்பது /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3. அதைத் தொடவே கூடாது, லோக்கல் என்ற சொல் முகவரியில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள்.

இப்போது ஓசிஆர்மைபிடிஎஃப் --வெர்ஷன் என்று தட்டினால் ஒருவேளை "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்... நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று வரலாம். இல்லாத இடத்தில் ஏன் தேடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். பாஷ் (உங்கள் ஷெல்லின் பெயர்) ஒரு கட்டளையை ஒருமுறை கண்டுபிடித்தால் அதன் முகவரியை அந்த ஜன்னல் மூடும்வரை நினைவில் வைத்துக்கொள்ளும், அந்த முகவரியைத்தான் நீங்கள் இப்போது காலி செய்திருக்கிறீர்கள். ஹாஷ் -ஆர் என்று கொடுத்தால் மறந்துவிடும். புதிய டெர்மினல் திறந்தாலும் போதும்.

இதன்பிறகுதான் நிறுவல். சூடோ ஆப்ட் அப்டேட், பிறகு சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு, ஓசிஆர்மைபிடிஎஃப், டெசராக்ட்-ஓசிஆர்-டிஏஎம் என்று இரண்டு பெயர்களையும் ஒரே வரியில் கொடுங்கள். தமிழுக்கு டெசராக்ட் வைத்திருக்கும் குறி டி, ஏ, எம் என்ற மூன்று எழுத்துகள். மொழிக் கோப்பைக் கையால் தேடி இறக்க வேண்டிய தேவையே இல்லை, ஆப்ட் அதைச் சரியான ஃபோல்டரில் தானே வைக்கும். டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ் கொடுத்துப் பாருங்கள். இஎன்ஜி, ஓஎஸ்டி, டிஏஎம் மூன்றும் வர வேண்டும். ஓஎஸ்டி என்பது மொழி அல்ல, பக்கம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கோப்பு. கடைசியாக அந்த டைப் -ஏ மறுபடி. இப்போது /யூஎஸ்ஆர்/பின்னும் அதன் மறுபெயரும் மட்டும் வந்தால் தீர்ந்தது.

ஆப்டில் இருப்பது கொஞ்சம் பழைய பதிப்பாக இருக்கும். உங்கள் வேலைக்கு அது போதும் என்பது என் கருத்து. புதிய வசதி ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும் என்றால் அப்போது பிப்எக்ஸ். அதை ஆப்டில் நிறுவி, பிப்எக்ஸ் என்ஷ்யூர்பாத் என்று ஒருமுறை கொடுத்துவிட்டு, லாக் அவுட் செய்து வந்து, பிப்எக்ஸ் இன்ஸ்டால் ஓசிஆர்மைபிடிஎஃப். அது கருவிக்கென்று தனி அறை கட்டி அதன் துணைகளை எல்லாம் அதற்குள்ளேயே வைத்துவிடும், நீக்கினால் எல்லாம் சேர்ந்தே போகும். டெசராக்டும் கோஸ்ட்ஸ்கிரிப்டும் அப்போதும் ஆப்டிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் ஆப்ட், பிப்எக்ஸ் இரண்டில் ஒன்று. இரண்டும் போட்டு வைத்தால் திரும்ப எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

மேக் வைத்திருப்பவர்கள் ஹோம்ப்ரூவில் (மேக்குக்கு ஆப்ட் மாதிரி) நிறுவினால் போதும், தமிழுக்கு டெசராக்ட்-லாங் என்ற பேக்கேஜையும் சேர்க்க வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் ஹோம்ப்ரூ இருப்பது /ஆப்ட்/ஹோம்ப்ரூ (இது நம் ஆப்ட் இல்லை, ஓ-பி-டி), இன்டெல் மேக்கில் /யூஎஸ்ஆர்/லோக்கல். பழைய மேக்கிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு அப்படியே மாற்றியவர்களிடம் இரண்டும் இருந்து சண்டை போடும், அங்கேயும் டைப் -ஏதான் முதல் கேள்வி. விண்டோஸ்காரர்களுக்கு நான் சொல்வது டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டுவில் மேலே சொன்னதைச் செய்யுங்கள் என்பதுதான், துணை நிரல்களை ஒவ்வொன்றாக விண்டோஸில் நிறுவிப் பாத்தைத் திருத்துவதைவிட இது நிம்மதி.

இனி உங்கள் பிடிஎஃப்கள். முழுப் புத்தகத்தையும் முதல் தடவையே கொடுக்காதீர்கள், --பேஜஸ் 1-2 என்று சேர்த்து இரண்டு பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். மொழிக்கு -எல் டிஏஎம்+இஎன்ஜி என்று கொடுக்க வேண்டும், அப்புறம் உள்ளீட்டுக் கோப்பு, பிறகு வேறொரு பெயரில் வெளியீட்டுக் கோப்பு. சூடோ வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சூடோவோடு ஓட்டி ஏதாவது பிடிஎஃப் வெளிவந்திருந்தால் அதன் உரிமையாளர் ரூட்டாக இருக்கும், அதே பெயரில் மேலெழுத முயன்றால் அனுமதி இல்லை என்று இன்னொரு புதுப் பிரச்சினை போல வந்து நிற்கும். அந்தக் கோப்பை அழித்துவிட்டுத் தொடருங்கள்.

"இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே உரை இருக்கிறது" என்று சொல்லிக் கருவி நின்றால் அது நிறுவல் கோளாறு இல்லை. படமும் உரையும் கலந்த பிடிஎஃப் என்றால் --ஸ்கிப்-டெக்ஸ்ட் போடுங்கள், உரை உள்ள பக்கங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் படிக்கும். தமிழில் மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குப்பை. கருவிக்கு அது "உரை", உங்களுக்கு அதில் ஒரு சொல்லும் தேடக் கிடைக்காது. ஒரு வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு --ஃபோர்ஸ்-ஓசிஆர். அது எல்லாப் பக்கங்களையும் படமாக்கிப் புதிதாகப் படிப்பதால் கோப்பு பெருக்கும், எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் குறையும், மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், டெர்மினலில் இருப்பதை உரையாக நகலெடுத்து, நீங்கள் தட்டிய கட்டளையிலிருந்து கடைசி வரிவரை அப்படியே ஒட்டி அனுப்புங்கள். உங்கள் டெஸ்க்டாப் தமிழில் இருந்தால் கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி (இதை மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில், கடைசி சி உட்பட) என்று சேர்த்து ஓட்டினால் எரர் ஆங்கிலத்தில் வரும், தேடுவதற்கு அதுதான் உதவும். கூடவே டைப் -ஏ, டெசராக்ட் --லிஸ்ட்-லாங்ஸ் இரண்டும் சொன்னவை.